நனையாத கை

டமால்!

பட்டறையின் கூரைத் தகரம் ஒருமுறை குலுங்கி அடங்கியது. தொட்டியில் உருகிக் கிடந்த துத்தநாகம் வெள்ளிப் பொறிகளாக எழும்பிச் சிதற, சுற்றி நின்ற நாலு பேரும் நாலு திசையில் பறந்தார்கள். மேஸ்திரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். கால் வரவில்லை.

இரும்புச் சாமான்களுக்குத் துத்தநாக முலாம் ஏற்றும் பட்டறை அது. கேட், கிராதி, விளக்குக் கம்பம் என்று எது வந்தாலும் அமிலத்தில் கழுவி, கிரேனில் தொங்கவிட்டு, கொதிக்கிற தொட்டியில் முக்கி எடுத்தால் போதும், இருபது வருஷத்துக்குத் துரு கிட்டே வராது. ஒரே ஒரு நிபந்தனை. குழாய் வைத்த சாமானென்றால் காற்றுப் போக ஓட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகி வெடித்துக்கொண்டுதான் வெளியே வரும். ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பி விட்டுப் பார்ப்பது மேஸ்திரியின் வேலை. பதினெட்டு வருஷமாகத் தவறாதவர், இன்றைக்கு ஒரு கேட்டின் கீழ் மூலையைக் கோட்டை விட்டிருந்தார்.

மேலே கிரேன் கேபினில் இருந்தவன் அவருடைய மைத்துனன், மனைவியின் உடன்பிறந்த தம்பி. யாரும் சொல்லாமலே கேட்டை உயரத் தூக்கி ஓரமாக நிறுத்தினான். எட்டி மேஸ்திரியைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

ஒரே ஒரு சொட்டு மேஸ்திரியின் கையுறைக்குள் புகுந்திருந்தது. முதலுதவி அறையில் அவரை உட்கார வைத்து மருந்து தடவிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அவர் மனைவி கழுத்தில் இஞ்சு டேப்போடு ஓடி வந்தாள்.

"எங்க பட்டுச்சு? கண்ணா? மூஞ்சியா?"

"கை."

"காட்டுங்க."

காட்டினார். மணிக்கட்டுக்குக் கீழே, பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "இதுக்கா ஃபோன்ல அப்படி அழுதீங்க? பாதி தைச்ச சட்டைய மெஷின்லயே விட்டுட்டு ஓடி வரேன். ஊசியால நான் தினம் இதைவிடப் பெருசா குத்திக்கிறேன்."

"வலிக்கு அழலை. எந்தக் கைன்னு பாரு."

"வலது கை. அதுக்கென்ன?"

"இத்தனை பேர் நிக்கிறோம், இத்தனை உடம்பு இருக்கு, சரியா இந்தக் கைய தேடி வந்து விழுந்திருக்கு பாரு." மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "ஞானஸ்நானத்தப்போ இந்தக் கை முங்கலை."

மனைவி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கழுத்திலிருந்த டேப் நழுவிக் கீழே விழுந்தது. மருந்து தடவிய ஆளும் திரும்பி நின்று தோள் குலுங்கினான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மேஸ்திரிக்கு அது ஐந்து வருஷத்துப் பாரம்.

கதை அதற்கும் ஒரு வருஷம் முந்தையது. மேஸ்திரி கை காட்டுவதற்கு அரை நொடி முன்னால் கிரேனிலிருந்து ஒரு கம்பம் இறங்கிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் மேஸ்திரிக்குத் தலைக்கேறிவிட்டது. கீழே இறங்கி வந்த மைத்துனனை, பட்டறை முழுக்கப் பார்க்க, இந்த வலது கையால் ஓங்கி அறைந்தார். மறுநாள் கழற்றிப் பார்த்ததில் தேய்ந்திருந்தது கிரேனின் பிரேக் என்று தெரிந்தது. பையன் மேல் ஒரு பிசகும் இல்லை. மன்னிப்புக் கேட்க மேஸ்திரிக்கு நாக்கு எழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தையெல்லாம் சைகைதான். இந்தக் கை உயர்ந்தால் அவன் தூக்குவான், தாழ்ந்தால் இறக்குவான், முஷ்டி பிடித்தால் நிறுத்துவான். குடும்ப விசேஷங்களில் ஒருவர் வாசல் பக்கம் உட்கார்ந்தால் மற்றவர் கொல்லைப் பக்கம்.

அடுத்த வருஷம் மேஸ்திரி சபைக்குப் போக ஆரம்பித்து, ஒரு ஞாயிறு தேம்பித் தேம்பி அழுது, ஞானஸ்நானமும் எடுத்தார். சபைத் தொட்டியில் போதகர் அவரைத் தண்ணீருக்குள் சாய்க்கும்போது பயம் பிடித்துக்கொண்டது. கண்ணை இறுக மூடி, கைக்குக் கிடைத்த எதையோ பற்றிக்கொண்டார். எழுந்து பார்த்தால் உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட, வலது கைச் சட்டை மட்டும் முழங்கை வரை மொறமொறவென்று காய்ந்திருந்தது.

வேறு தொழில்காரனாக இருந்தால் உதறிவிட்டுப் போயிருப்பான். முலாம் போடுகிறவர் எப்படி விடுவார்? முங்காத இடம் துருப்பிடிக்கும். துரு ஒரு மூலையில் ஆரம்பித்தால் மொத்தச் சாமானும் போச்சு. அதுவும் எந்தக் கை? அறைந்த கை!

அன்றிலிருந்து கர்த்தருடைய பந்தியில் அவர் அப்பத்தை இடது கையால்தான் வாங்குகிறார்.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசியிருந்தா இந்தக் கூத்தெல்லாம் எதுக்குங்க?" என்றாள் மனைவி, டேப்பை எடுத்துக்கொண்டே. "போங்க, போதகர்கிட்டயே கேளுங்க. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயித்தைப் பிடிச்சிக்கிச்சு."

சாயங்காலம் மேஸ்திரி சபைக் கட்டடத்துக்குப் போனபோது, போதகர் ஸ்பேனரும் கையுமாக ஒரு குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரியைவிடப் பத்து வயது சின்னவர். உயரத்தில் அவர் தோளுக்கு வருவார்.

"வாங்கண்ணே. கையில என்ன கட்டு?"

"அதுக்குத்தான் வந்தேன் பாஸ்டர். எனக்கு இன்னொரு தரம் ஞானஸ்நானம் குடுக்கணும்."

"எதுக்கு?"

"முழுசா வேண்டாம். கை மட்டும்."

போதகர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "தொட்டியில இப்ப நாற்காலி அடுக்கியிருக்கு. கை மட்டும்னா ஒரு வாளியில முடிச்சிரலாமே?"

"கேலி பண்ணாதீங்க. எனக்கு ராத்தூக்கம் போச்சு."

அவர் முகத்தைப் பார்த்ததும் போதகர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மைத்துனனை அறைந்தது, காய்ந்த சட்டைக் கை, இன்றைய கொப்புளம் என்று மேஸ்திரி ஒன்று விடாமல் கொட்டினார்.

"அதான் இடது கையால அப்பம் வாங்குறீங்களா?" போதகர் வாயைப் பிளந்தார். "நான் உங்கள இடதுகைக்காரர்னுல்ல நினைச்சேன்! போன வருஷம் வாலிபர் கூட்டத் தோரணத்துக்கு இடது கைக் கத்தரிக்கோல் வேற தேடி வாங்கினேன், நீங்க காகிதம் வெட்ட வருவீங்கன்னு."

"நீங்களாச்சும் அன்னைக்குக் கவனிச்சிருக்கலாம்."

"எங்கண்ணே கவனிக்க? உங்க எடைக்கு என் இடுப்பு தாங்குமான்னு நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

மேஸ்திரி சிரிக்கவில்லை. "எங்க தொழில்ல கொக்கி பிடிச்ச இடத்துல முலாம் ஏறாது. அதுக்குன்னு தனியா மருந்து இருக்கு. பிரஷ்ல தொட்டுத் தடவிருவோம். அந்த மாதிரி ஏதாச்சும்..."

"அப்ப உங்களுக்கு வேண்டியது இரட்சகர் இல்ல, பெயின்டர்."

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். போதகர் நாற்காலியைக் கிட்டே நகர்த்தினார்.

"ஒண்ணு கேக்கிறேன். உங்க பட்டறையில கேட்டு தானா நடந்து போய்த் தொட்டியில குதிக்குமா?"

"அதெப்படி? நாங்கதான் இறக்குவோம்."

"அப்ப கேட்டு என்ன பண்ணும்?"

"சும்மா தொங்கும்."

"அவ்வளவுதாண்ணே விசுவாசம். உங்களத் தூக்கினதும் அவர், கழுவினதும் அவர். தண்ணி அதுக்குச் சாட்சி, அவ்வளவுதான். உங்க துத்தநாகம் மாதிரி, பட்ட இடத்துல ஒட்டி, படாத இடத்த விட்டுர்ற சமாச்சாரம் இல்ல கிருபை. சிலுவையில அவர் ரெண்டு கையவும்தானே விரிச்சார்? உங்க இடது கைக்கு மட்டும்னு ஒண்ண மடக்கி வெச்சாரா?"

மேஸ்திரி தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் தொழில் புத்தி விடுமா? "அப்படின்னா ஏன் பாஸ்டர் எனக்கு மன்னிப்புக் கிடைச்சிருச்சுங்கிற நிச்சயம் வரலை?"

"தண்ணி பத்தலைன்னு இல்ல. ஒரு மனுஷன் உங்கள மன்னிச்சிருப்பான்னே உங்களால நம்ப முடியலை. அப்புறம் தேவன் மன்னிச்சார்னு எங்க நம்புறது? மச்சான்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"மாட்டேன்னு சொல்லிட்டான்னா?"

அந்த ஒரு கேள்வியில் ஆறு வருஷமும் இருந்தது.

"போய்க் கேட்டாத்தான் பரலோகம்னு நான் சொல்ல மாட்டேன்ணே. அது உங்களுக்கு எப்பவோ கிடைச்சிருச்சு. கிடைச்சவனுக்கு இழக்க என்ன இருக்கு? மாட்டேன்னு அவன் சொன்னாலும் நீங்க தேவனோட பிள்ளைதான். அந்தத் தைரியத்துல போங்க." ஸ்பேனரை மறுபடி எடுத்தார். "போறதுக்கு முன்னாடி இந்தக் குழாயக் கொஞ்சம் பிடிச்சிக்கோங்க. வலது கையாலயே பிடிக்கலாம், தப்பில்ல."

மறுநாள் காலை பட்டறையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு ஒரு அதிசயத்தைப் பார்த்தார்கள். கட்டுப் போட்ட கையோடு மேஸ்திரி கிரேன் கேபினுக்குப் போகும் இரும்பு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாக அந்த ஏணியில் அவர் கால் பட்டதில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். பாதி மூச்சு ஏணிக்கு, பாதி பயத்துக்கு.

மைத்துனன் பதறி எழுந்தான். "பிரேக் நல்லாத்தான் இருக்கு மாமா! போன வாரந்தான் மாத்தினது!"

"பிரேக்கைப் பார்க்க வரலை."

"ஓட்டை அடைச்சிருந்தது எனக்கு மேலயிருந்து தெரியலை. சத்தியமா."

"அது என் தப்பு மச்சான். நான்தான் பார்க்காம விட்டேன்." 'மச்சான்' என்ற சொல் ஆறு வருஷத் தூசியோடு வெளியே வந்தது. மேஸ்திரி இருமினார். "அன்னைக்கும் என் தப்புதான். உன்ன அடிச்சேன்ல, அன்னைக்கு. உன் மேல தப்பில்லன்னு மறுநாளே தெரியும். தெரிஞ்சும் கேக்கலை. இப்பக் கேக்கிறேன், என்ன மன்னிச்சிரு. முடியாதுன்னாலும் பரவாயில்ல. கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

மைத்துனன் கிரேனின் கைப்பிடியைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"இதுக்கா அக்கா நேத்து ராத்திரி ஃபோன் பண்ணி, 'நாளைக்கு உன் மாமா ஏணியில ஏறுவாரு, விழுந்தா பிடிச்சிக்கோ'ன்னு சொல்லுச்சு?"

"அவ அப்படியா சொன்னா?"

"கை முங்காத கதையும் சொல்லுச்சு. அரை மணி நேரம் சிரிச்சுது." அவன் முகத்திலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. பிறகு அது மெல்ல வேறொன்றாக மாறியது. "நான் அப்பவே விட்டுட்டேன் மாமா. நீங்களா ஒரு வார்த்தை பேசுவீங்கன்னுதான் இத்தனை நாளும் காத்திருந்தேன்."

"அப்பவேன்னா? எப்ப?"

"உங்க ஞானஸ்நானத்தன்னைக்கு. தொட்டி ஓரத்துலதான் நின்னேன்."

"நீ வந்திருந்தியா? நான் பார்க்கவே இல்லையே!"

"கண்ணை மூடிக்கிட்டு எப்படிப் பார்ப்பீங்க? நீங்க திறக்கிறதுக்குள்ள நான் நழுவிட்டேன். பயத்துல நீங்க கெட்டியாப் பிடிச்சிக்கிட்டீங்களே மாமா, அது என் கை."