பெயர் வராத தாள்

என் நாத்தனார் தன் பேனாவை யாருக்கும் தரமாட்டார். வாசலில் கூரியர்காரர் கையெழுத்துக்குக் கேட்டால்கூட உள்ளே போய் வேறொன்றைத் தேடி எடுத்து வருவார். "குடுத்த பேனா திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல" என்பது அவர் கட்சி. என் கணவரின் அக்கா. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். இருபத்திரண்டு வருடமாக ஒரே மருத்துவமனையில் வார்டு நர்ஸ். அதே மருத்துவமனையின் மூன்றாம் தளத்தில், கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. அந்த வேலை காலியாக இருப்பதை எனக்குச் சொன்னவரும் அவர்தான், மாதம் ஒருமுறை தவறாமல் அதைச் சொல்லிக்காட்டுபவரும் அவர்தான்.

வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் மருந்துப் பட்டியலை அச்சிட்டுக் கொடுப்பது வார்டு வழக்கம். அதற்கான இணையப் பக்கம் என் பொறுப்பு. பக்கத்தின் மேலே நோயாளியின் பெயர், வயது, படுக்கை எண். கீழே ஒரு ஃபிரேம், அதாவது ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைப் பொருத்தி வைக்கும் கட்டம். மருந்தகத்தின் பக்கத்திலிருந்து பட்டியல் வந்து அந்தக் கட்டத்துக்குள் உட்காரும். திரையில் எல்லாம் ஒரே பக்கமாகத்தான் தெரியும். பிரிண்ட் கொடுத்தால்தான் வண்டவாளம் வெளியே வரும். கட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஐந்து மருந்து மட்டும் தாளில் இருக்கும். ஆறாவது மருந்தைப் பார்க்கத் திரையில் கீழே உருட்டலாம். தாளை உருட்ட முடியாது.

நாத்தனார் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒன்பது மருந்து. இதுல அஞ்சுதான் இருக்கு. மிச்சத்தக் கனவுலயா சாப்பிடுவாங்க?"

மறுநாளே சரிசெய்தேன். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கம்ப்யூட்டர் மொழியில் இரண்டே வரி. முதலில் ஃபிரேமின் மேல் கவனத்தைத் திருப்பு. பிறகு வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு ஃபிரேமுக்குள் இருப்பதை மட்டும் பிரிண்ட் கொடு. ஒன்பது மருந்தும் வரிசையாக, அழகாக வந்தன. எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. அரை நாள் அந்த மரியாதையோடு சுற்றினேன்.

மாலையில் நாத்தனார் மாடிப்படி இறங்கும்போதே ஆரம்பித்தார். "மருந்தெல்லாம் வருது, சந்தோஷம். பேரு எங்கம்மா போச்சு?"

பெயர் இருந்தது வெளிப்பக்கத்தில். நான் அச்சிடச் சொன்னது உள்பக்கத்தை. பெயரையும் உள்ளே கொண்டுபோக இன்னும் பத்து வரி எழுத வேண்டும்.

"அடுத்த வாரம் பாக்கறேன் அண்ணி. அதுவரைக்கும் கையால எழுதிக்குங்களேன்."

எங்கள் தொழிலில் அடுத்த வாரம் என்பது எந்தக் காலண்டரிலும் இல்லாத வாரம். அது அவருக்குத் தெரியாது. மூன்று வாரம், ஒவ்வொரு தாளின் தலையிலும், குண்டு குண்டான எழுத்தில், அவரே பெயர் எழுதினார்.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை பதினொன்றாம் படுக்கையும் பன்னிரண்டாம் படுக்கையும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பின. இரண்டு தாள்களும் பெயரில்லாமல் பிரிண்டர் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எது யாருடையது என்று நினைவில் வைத்துத்தான் எழுத வேண்டும். நடுவில் யாரோ அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓடிப்போய்த் திரும்பி வந்தவர் மாற்றி எழுதிவிட்டார்.

பதினொன்றாம் படுக்கைக்காரர் ஒரு தையல்காரர். சர்க்கரை வியாதி இல்லாத மனிதர் நான்கு நாள் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டார். ஐந்தாம் நாள் தையல் மெஷின் மேலேயே மயங்கிச் சரிந்து, நெற்றி கிழிந்து, பழைய படுக்கைக்கே வந்து சேர்ந்தார். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்ததும் நாத்தனாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பன்னிரண்டாம் படுக்கைக்காரரை ஃபோனில் பிடித்துச் சரியான மருந்தைக் கொடுக்க வைத்ததும், மேலிடத்துக்குத் தானே போய்ச் சொன்னதும் அவர்தான். தையல்காரர் பிழைத்துக்கொண்டார். தையல்காரருக்கே ஏழு தையல் என்று வார்டில் யாரோ சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. தப்பு நாத்தனாருடையது என்று முடிவானால் வேலை போய்விடும். ஞாயிறு முழுக்க மாடியில் அவர் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "அக்கா அப்படியெல்லாம் அசால்டா இருக்க மாட்டாளே" என்று என் கணவர் கூரையைப் பார்த்துச் சொன்னார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். துலக்கியதையே துலக்கினேன்.

திங்கள் காலை எட்டே முக்காலுக்கே அலுவலகம் போய், அந்தப் பத்து வரியை எழுதினேன். பெயரும் வயதும் படுக்கை எண்ணும் இப்போது ஃபிரேமுக்குள்ளேயே வந்து தாளில் ஏறின. மூன்று வாரம் தள்ளிப்போட்ட வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. இன்னொருவருக்கு இப்படி ஆகக் கூடாதே என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்தில் செய்தேன் என்பதுதான் நிஜம்.

மருத்துவமனைத் தலைவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். அவர் அறையில் அவரும், எங்கள் பிரிவு மேலாளரும், நாத்தனாரும், நானும். நாத்தனார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டர் தையல்காரரின் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே சிஸ்டர்?"

"ஆமா டாக்டர்."

"பேர ஏன் கையால எழுதினீங்க?"

"தாள்ல வரல டாக்டர்."

அவர் தன் மேசைக் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "ஒண்ணு எடுங்க, பாக்கலாம்."

பட்டனை அழுத்தினேன். தாள் வந்தது. தலையில் கொட்டை எழுத்தில் தையல்காரரின் பெயர். நான் காலையில் செய்த காரியம் என்ன காரியம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேலாளர் முந்திக்கொண்டார். "பட்டன அழுத்தினா பேரு கட்டாயம் வரும் சார். இவங்க அந்தக் கட்டத்து மேல மவுஸ வச்சு, வலது பக்கம் தட்டி, அத மட்டும் தனியா பிரிண்ட் எடுக்கறாங்க. எத்தன தடவ சொல்றது?"

அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. காலையில் நான் மாற்றியது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா சிஸ்டர்?"

நாத்தனார் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இவளிடம் அப்போதே சொன்னேன் என்று ஒரு வார்த்தை போதும். வேலை வாங்கிக் கொடுத்ததை மாதாமாதம் சொல்லிக்காட்டும் வாய் அது.

"இல்ல டாக்டர். என் கவனம் தப்பிடுச்சு."

என் வாழ்நாளில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"இன்னிக்குக் காலைலதான் டாக்டர் நான் அதுல பேரச் சேர்த்தேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். "அதுக்கு முன்னாடி பட்டன அழுத்தினாலும் வராது. அண்ணி மூணு வாரம் முன்னாடியே சொன்னாங்க. நான்தான் கையால எழுதிக்கச் சொன்னேன்."

"அண்ணியா?" பெரிய டாக்டர் நிமிர்ந்தார். "அப்ப, சொந்தக்காரங்கள காப்பாத்தறதுக்குச் சொல்றீங்க."

நியாயமான சந்தேகம். எங்கள் வேலையில் எதை மாற்றினாலும் பழையதும், மாற்றியவர் பெயரும், நேரமும் பத்திரமாக இருக்கும். அதைத் திறந்து காட்டினேன். இன்றைய தேதி, ஒன்பது மணி ஐந்து நிமிடம், என் பெயர். பழையபடி அந்த இரண்டு வரியை மட்டும் வைத்துவிட்டு பட்டனை அழுத்தினேன். மருந்துகள் எல்லாம் வந்தன. தாளின் தலை வெறுமையாக இருந்தது. மேலாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என் முன்னால் தள்ளினார். "இதுக்கு யார் பொறுப்புன்னு இதுலயே எழுதுங்க."

என்னிடம் பேனா இல்லை. கம்ப்யூட்டர் பிரிவில் யார் பேனா வைத்திருக்கிறார்கள்? மேலாளரின் கை அவர் சட்டைப்பைப் பக்கம் போகவே இல்லை. நாத்தனார் தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என்னிடம் நீட்டினார்.

நோயாளியின் பெயர் வந்திருக்க வேண்டிய இடத்தில் என் பெயரை எழுதினேன்.

"சிஸ்டர், நீங்க வார்டுக்குப் போங்க. பதினொண்ணாம் பெட்டுக்குக் கட்டு மாத்தணும்" என்றார் பெரிய டாக்டர். என்னைப் பார்த்து, "நீங்க இருங்க" என்றார்.

நாத்தனார் எழுந்தார். கதவுவரை போனவரைப் பார்த்து, பேனாவை அவசரமாக நீட்டினேன்.

"வச்சுக்கோம்மா, உனக்கு இன்னும் எழுத வேண்டியிருக்கும்" என்றார். "சாயங்காலம் வீட்ல குடு."