மூன்று முறை கூப்பிட்டும் பதிலில்லாத வீடு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை மதியம் கணினியில் நான் தேடிய வாசகம் இது: "வாசிக்கப் பிடிக்காத பிள்ளைகளுக்கு, படமில்லாமல் எழுத்திலேயே ஆடும் விளையாட்டு."

தேடச் சொன்னவர் லுஹெண்டே. தான்சானியாவின் முவான்சாவில் எனக்கு அடுத்த வீடு; டலாடலா என்னும் சிற்றுந்து ஓட்டுகிறார். எதுவானாலும் சுவருக்கு மேலாகத்தான் பேசுவார்.

"அக்கா, புத்தகத்தை விரிச்சா என் பொண்ணுக்கு வயித்துவலி வருது. மூடினா போயிடுது. இதை எந்த ஆஸ்பத்திரியில காட்டுறது?"

"போனை நீட்டினா?"

"அப்ப நான் செத்தாக்கூட அவளுக்குத் தெரியாது. நீங்கதான் எழுதுறவங்களாச்சே, ஏதாவது பண்ணுங்க."

மகள் நியாமிசிக்குப் பத்து வயது. பள்ளி திறந்ததும் ஆசிரியர் முன் ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும். தவறினால் மறுபடியும் நான்காம் வகுப்பு. கையில் ஒரு மாத விடுமுறை இருந்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ஏரியின் மேல் மேகங்கள் திரண்டபோது அந்தச் சிறுமியின் கண்களில்"

வேண்டாம். அவள் கண்கள் என் பிஸ்கட் டப்பாவின் மேல் இருந்தன.

விளையாட்டு இப்படித்தான். 'நீ ஒரு வீட்டின் முன் நிற்கிறாய். கதவு திறந்திருக்கிறது' என்று திரையில் வரும். என்ன செய்வாய் என்பதைத் தட்டெழுத வேண்டும். வாசிக்காமல் ஓரடி நகர முடியாது. கிடைத்ததெல்லாம் ஆங்கிலம். யாரும் திருத்தி எழுதிக்கொள்ளலாம் என்று ஒன்று அகப்பட்டது. ஆறு நாள் உட்கார்ந்து அதை ஸ்வாஹிலியில் எழுதினேன்.

3

நியாமிசி எழுத்துக் கூட்டி வாசித்தாள். விசைகளைத் தேடித் தேடி 'ஹோடி' என்று அடித்தாள்.

(வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து 'கரிபு' என்று பதில் வந்த பிறகுதான் இங்கே யாரும் படியேறுவார்கள். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும்.)

'எனக்குப் புரியவில்லை' என்றது திரை. மறுபடி அடித்தாள். மறுபடி. அப்புறம் எழுந்துவிட்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"மூணு தடவை கூப்பிட்டாச்சு அத்தை. வீட்ல ஆளில்ல."

"கதவுதான் திறந்திருக்கே. உள்ளே போன்னு அடி."

"திறந்திருந்தா நுழைஞ்சிடுறதா? நான் என்ன திருடியா?"

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஆறு நாள் எழுதியும் இது எனக்குத் தோன்றவில்லை. நியாமிசி வரத் தொடங்கும் முன்பு, என் வாசலில் கடைசியாக அப்படிக் கூப்பிட்டவர்

[இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.]

4

அந்த வீட்டுக்குள் ஒரு பெண்மணியை வைத்தேன். 'கரிபு' என்பாள். டகா மீனை உலர்த்திக்கொண்டே பேசுவாள். நியாமிசி விடவில்லை. வீட்டில் எப்படி, வேலை எப்படி, மீன் எப்படி என்று முறைப்படி விசாரித்தாள். ஒவ்வொரு விசாரிப்புக்கும் நான் பதில் எழுதி வைக்க வேண்டியிருந்தது. காலையில் எழுதுவேன், பத்து மணிக்கு வந்து வாசித்துத் தீர்த்துவிடுவாள். விரல் வைத்து வாசிப்பது மூன்றாம் வாரத்தில் நின்றது.

ஆனால் இந்தப் பெண்மணி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அதைக் கிளப்பியவள் நியாமிசிதான்.

"அத்தை, இந்தம்மா ஏன் எப்பவும் 'இன்னும் கொஞ்சம் இரு'ன்னே சொல்றாங்க?"

"அப்படியா சொல்றாங்க?"

"நாலு தடவை வாசிச்சுப் பார்த்தேன். நாலு இடத்துல வருது. பாவம், அவங்க வீட்டுக்கு வேற யாரும் வரமாட்டாங்களோ?"

டீ போடுகிறேன் என்று எழுந்து போனேன். (நான் பாலில்லாத டீ குடிப்பவள். அன்று பால் காய்ச்சினேன்.)

5

பத்திரிகை ஆசிரியர் குழு விரும்பும் முடிவு: பள்ளி திறக்கிறது, நியாமிசி கடகடவென்று வாசிக்கிறாள், லுஹெண்டே வண்டியின் ஹாரனை விடாமல் அடிக்கிறார். இது நடந்தது. ஆனால் முடிவு இதுவல்ல.

மறுநாள் சீருடையோடு வந்தாள்.

"அத்தை, அந்தக் கதை முழுக்கத் தாள்ல எடுத்துக் குடுங்க. வீட்லயே படிச்சுக்கிறேன். இனிமே நீங்க தினம் கஷ்டப்பட்டு எழுத வேண்டாம்."

என் நன்மைக்குத்தான் சொன்னாள். அச்சு இயந்திரம் மேசை மேலேயே இருக்கிறது.

ஒரு முடிவு: எல்லாப் பக்கங்களையும் எடுத்து, நூலால் கட்டிக் கொடுக்கிறேன்.

இன்னொன்று: "மெஷின் ரிப்பேரும்மா. நாளைக்கு வா" என்கிறேன்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவது எனக்குப் பெருமை. இரண்டாவது எழுதச் சுலபமாக வந்தது. எதைச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கீழே இடம் விட்டிருக்கிறேன். ரொம்ப யோசிக்காதீர்கள். பள்ளிக்கு நேரமாகிறது, அவள் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருக்கிறாள்.

...........................