அஞ்சு இஞ்ச் குறைந்த அறை

பழைய துணிகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுத்தே பேர் வாங்கியவள் ஜிப்பக்கா. சும்மா பேர் இல்லை, சொந்தப் பேரே மறந்துபோகிற அளவுக்குப் பேர்! பதினோரு வருஷம் மெஷின் முன்னால் குனிந்து சேர்த்ததை ஒரு சின்ன வீட்டில் போட்டு, அதை வாடகைக்கு விடுவதென்று முடிவெடுத்திருந்தாள். முதுகு ஏற்கெனவே கையை விரித்துவிட்டது, இன்னொரு பதினோரு வருஷம் அதனால் ஆகாது. தப்பான வீட்டில் பணம் விழுந்தால் அவ்வளவுதான்.

"காலம் முழுக்க வாடகை குடுத்தே தேஞ்சவங்க நாம. நமக்கு எதுக்குக்கா வாடகை வாங்கற ஆசை?" என்றான் தம்பி.

"குடுத்துக் குடுத்து அந்தத் தொழில் எனக்கு அத்துப்படிடா."

அன்றைக்குச் சாயங்காலம் அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. கொடுத்தால் திரும்பி வராது. வீடோ முதல் பார்வையிலேயே அவளை மயக்கியிருந்தது. பளபளவென்று பெயிண்ட், படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்கப் பூப்போட்ட காகிதம். இந்தத் தடவை டேப்பைக் கொண்டு போனதுகூடத் திரைச்சீலைக்கு அளவெடுக்கத்தான். திரை போட்டுக் கொடுத்தால் வாடகையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்கலாமே!

படுக்கையறையில் ஜன்னல் பக்கத்தை மூலைக்கு மூலை அளந்தாள். புரோக்கர் கொடுத்த பிளானில் பன்னிரண்டு அடி. டேப்பில் அஞ்சு இஞ்ச் குறைந்தது. மறுபடி அளந்தாள், அதேதான்.

"டேப் பழசுக்கா, இழுபட்டிருக்கும்," என்றார் புரோக்கர், வாட்சைப் பார்த்தபடி.

அவள் டேப்பை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். துணி டேப் இழுபடும், அது அவளுக்குத் தெரியாததா? தம்பி வேறு, அஞ்சு இஞ்சுக்கு ஏன் மானத்தை வாங்குகிறாய் என்பதுபோல் முறைத்தான். ஜிப்பக்கா விடவில்லை. ஹாலை அளந்தாள், சமையலறையை அளந்தாள். எல்லாம் பிளானோடு அச்சு அசலாக ஒத்துப்போயின.

"இழுபட்ட டேப் எல்லா ரூமையும்தானே குறைச்சுக் காட்டணும்? இந்த ரூம் மேல மட்டும் அதுக்கு என்ன விரோதம்?"

புரோக்கர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவள் பூப்போட்ட சுவரைத் தட்டினாள். டொக் டொக்கென்று உள்ளே காலி. பையிலிருந்து தையல் பிரிக்கிற கத்தியை எடுத்தாள். "ஐயையோ, என்னக்கா பண்றீங்க!" என்று அவர் ஓடி வருவதற்குள் காகிதத்தைக் கீறி, அதற்கு அடியில் அடித்திருந்த பலகையை மூலையில் நெம்பிவிட்டாள். பின்னால் நிஜச் சுவர் கறுத்து ஊறிக் கிடந்தது. வாடை குப்பென்று அடித்தது.

அவளுக்கு ஆத்திரம் தன்மேல்தான் வந்தது. "தினம் ஒவ்வொரு துணியையும் உள்பக்கம் திருப்பிப் பாக்கறவ, வீட்டை மட்டும் வெளிப்பக்கம் பார்த்துப் பல்லை இளிச்சேனே!"

"தப்பிச்சோம்டா சாமி! வாக்கா, போலாம்."

"கிழியாத துணி என்னைக்குடா நம்ம கடைக்கு வந்திருக்கு? தைக்க முடியுமான்னு பார்த்துட்டு முடிவெடுப்போம்."

அட்வான்ஸைக் கொடுக்காமல் வந்தவள், மறுநாள் காலையிலேயே ஒரு பிளம்பரோடு போய் நின்றாள். மேல் வீட்டுக் குளியலறைக் குழாய் கசிவு, சுவர் கெட்டிதான், சரிபண்ணிவிடலாம் என்றார் அவர். ஆகும் செலவைப்போல் இரண்டு மடங்கை விலையில் கழித்து, ஒரே விலையாகச் சொன்னாள்.

"வீட்டையும் ஆல்டர் பண்ணுவீங்களோ?" என்று புரோக்கர் சிரித்தார். "இன்னும் மூணு பேர் க்யூவுல நிக்கிறாங்க."

"அவங்களுக்கும் அந்த மூலையைக் காட்டுங்க."

சொல்லிவிட்டு வெளியே வந்தாளே தவிர, மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த வீடு அவளுக்கு வேண்டும், அவ்வளவு ஆசை! இருந்தும் போன் பண்ணவில்லை. ஒன்பதாம் நாள் வீட்டுக்காரர் அவள் சொன்ன விலைக்கு இறங்கி வந்தார்.

சாவி கைக்கு வந்ததும் பலகை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள். குழாய் மாற்றி, சுவர் காய்ந்த பிறகு அதில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். அடுத்த மாசமே குடித்தனம் வந்தது.

ஒரு நாள் புரோக்கர் கடை வாசலில் வந்து நின்றார், கையில் துணி எதுவும் இல்லாமல்.

"அக்கா, எங்க ஆபீஸ்லயே ஒரு வீடு வந்திருக்கு. என் பொண்ணுக்குப் பார்க்கறேன்." அவள் கழுத்தில் கிடந்த டேப்பைப் பார்த்தார். "அந்த டேப்பை எடுத்துக்கிட்டு நாளைக்கு ஒரு நடை வர முடியுமா?"