கை நாலு

பதினோரு வருடமாக நான் பார்த்த வேலை, மூடிகளிடம் தோற்பது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "மூடியைத் திறக்குற வேலையா, திறக்க முடியாம உக்காந்திருக்குற வேலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இரண்டும்தான் என்பேன். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

அதற்கு முன் இருபத்தேழு வருடம் தையல் ஆலையில் காலர் துணி வெட்டினேன். கத்தரிக்கோல் என் இரண்டு கட்டைவிரல் மூட்டையும் தின்று தீர்த்துவிட்டது. உன்னால் இனி ஆகாது என்று ஆலையில் அனுப்பிய சமயத்தில்தான், இரண்டு தெரு தள்ளி இருந்த வடிவமைப்புக் கூடத்தில் புது மூடிகளைத் திறந்து பார்க்கப் பலமில்லாத கையாக ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பிடிப்பு குறைவு, முறுக்கும் வலு மிகவும் குறைவு என்று மருத்துவர் எழுதிய சீட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். எதற்கும் உதவாத கை என்று ஓரிடத்தில் தள்ளினார்கள், அதே கைக்கு இன்னோரிடத்தில் நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலியின் மேல் எனக்கு இருந்த பிரியத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் நடிப்பு போல இருக்கும்.

கூடம் இரண்டாவது மாடியில். நீளமான மேஜை, சுவர் முழுக்கப் படங்கள், மூலையில் ஒரு பீப்பாய் நிறையத் தோற்றுப்போன மூடிகள். உலகத்தில் உள்ளதை எல்லாம் எளிதாகத் திறக்க வைக்கப் பாடுபட்ட அந்த அறையில், ஜன்னல் கொக்கியை மட்டும் யாராலும் திறக்க முடியாது. வெயில் காலத்தில் வெந்துபோவோம்.

வடிவமைப்பாளர் நாற்பத்தைந்து வயதுக்காரர். தூங்கி எழுந்த முகம்தான் எப்போதும். என் வீட்டுக்காரர் அவருக்கு மூடிக்காரர் என்று பெயர் வைத்திருந்தார். முதல் நாள் அவர் கொடுத்த ஷாம்பு மூடியை ஒரு நிமிடம் போராடியும் திறக்க முடியாமல், "மன்னிச்சுக்குங்க சார்" என்றேன்.

"நீங்க எதுக்குக்கா மன்னிப்புக் கேக்குறீங்க? அந்த மூடிதான் உங்ககிட்டக் கேக்கணும்" என்றார்.

இருபத்தேழு வருடத்தில் ஒரு மேஸ்திரியும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. ஒரு பொருளைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்றால் நாம்தான் மக்கு என்று நினைத்தே வளர்ந்தவள் நான். அன்றைக்குத்தான் அது வேறு யாரோ செய்த தவறாகவும் இருக்கலாம் என்று தெரிந்தது.

சோதனைத் தாளில் எங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கை ஒன்று ஒரு தச்சர், இரண்டு விரல் இல்லாதவர். கை இரண்டு, விரல் நடுக்கம் வந்துவிட்ட கணக்கு ஆசிரியை. இப்படி ஆறு பேர். நான் கை நாலு. மருந்து மூடி என்றால் விதி இதுதான்: குழந்தைகள் திறக்கக் கூடாது, ஆனால் எங்கள் ஆறு கையில் நாலு கையாவது ஒரு நிமிடத்துக்குள் திறக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை புது ஆட்களை எடுக்க வேண்டும் என்றும் பழைய விதி ஒன்று இருந்தது. ஆள் தேடுவது, சீட்டு வாங்குவது, மேலிடத்தில் கையெழுத்து வாங்குவது என்று அலைய அவருக்கும் அலுப்பு. எங்களுக்கும் போக மனசில்லை. விதியை இரு தரப்புமாகச் சேர்ந்து மறந்துவிட்டோம்.

அந்த மூடி என் முன்னால் வந்தது சாயங்காலம் நாலரை மணிக்கு. அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டிய மாத்திரை டப்பா மூடி. அவர் பதினாலாவது தடவையாக மாற்றி வரைந்தது. மூன்று கை திறந்துவிட்டது, இரண்டு கைக்கு முடியவில்லை, நான்தான் கடைசி. அன்றைக்கு எனக்கு அது முப்பத்தெட்டாவது மூடி. தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருந்தது. எடுத்தேன், திறந்தேன், வைத்தேன்.

"ஒன்பது விநாடி" என்றார். அந்தத் தூங்குமூஞ்சி முதல்முறையாக விழித்துக்கொண்டது. "கஷ்டமா இருந்துச்சாக்கா?"

"இல்ல சார். அதுபாட்டுக்கு வந்துடுச்சு."

மூடி தேறியது. எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். அவர் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

நாலைந்து மாதம் கழித்து அந்த மூடி எங்கள் வீட்டுக்கே வந்தது. என் வீட்டுக்காரர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். போன வருடம் நெஞ்சு ஒருமுறை மிரட்டிவிட்டுப் போனதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். வலி வந்தால் உடனே நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். புது டப்பாவைப் பிரித்ததும் மூடி எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"நான் பாஸ் போட்ட மூடிங்க இது" என்றேன்.

"அப்ப இனிமே உன் தயவுலதான் உயிர் வாழணும்னு சொல்லு" என்றார்.

நாங்கள் சிரித்தோம். டப்பாவை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் எந்த மூடியும் அவர் கைக்குப் போனதில்லை. ஜாடியோ டப்பாவோ, "உன் தொழில்" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். இரண்டு தடவை லேசாக வலி வந்தபோதும் நான் பக்கத்தில் இருந்தேன், நானே திறந்து கொடுத்தேன்.

மூன்றாவது தடவை நான் இல்லை.

அன்று அரை நாள் வேலை. ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது கதவு முழுதாகத் திறக்கவில்லை, அடியில் ஏதோ நறநறத்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனால் தரை முழுக்க நொறுங்கிய பிளாஸ்டிக், நடுவே சிதறிக் கிடந்த மாத்திரைகள். நாற்காலியில் அவர் சாய்ந்திருந்தார். சட்டை பிழிந்து எடுக்கலாம் போல நனைந்திருந்தது.

"பயப்படாதே. போட்டுட்டேன். வலி இறங்கிடுச்சு" என்றார்.

"இது என்னங்க?"

"திறக்க முடியல. கையெல்லாம் வேர்வை, வழுக்கிக்கிட்டே போச்சு. பல்லால கடிச்சுப் பாத்தேன். கடைசியில கதவுக் கீல் இடுக்குல வச்சுக் கதவைச் சாத்தினேன், உடைஞ்சுது. தரையில உக்காந்து ஒண்ணைப் பொறுக்கிப் போட்டுக்கிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "உன் மூடி நல்லாத்தான் வேலை செய்யுது. குழந்தைதான் திறக்கக் கூடாதுன்னு பாத்தா, கிழவனையும் விடமாட்டேங்குது."

"எவ்வளவு நேரம் ஆச்சுங்க?"

"எவன் பாத்தான். பத்து நிமிஷம் இருக்கும்."

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பார்த்துவிட்டு, இந்தமுறை பிழைத்தீர்கள் என்று சொல்லி சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். கையில் புதிதாக ஒரு டப்பா. அதே மூடி.

வீட்டுக்கு வந்ததும் அவரிடமே கொடுத்துத் திறக்கச் சொன்னேன். முடியவில்லை. நான் வாங்கித் திறந்தேன், ஒரு நொடி. "இப்ப என்ன பண்ணினே?" என்றார். என்ன பண்ணினேன் என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி மூடி, இந்தத் தடவை என் கையையே பார்த்துக்கொண்டு திறந்தேன். டப்பாவை இடுப்பெலும்பில் முட்டுக் கொடுத்திருந்தேன். விரலை உபயோகிக்கவே இல்லை. உள்ளங்கையின் அடிமேட்டை மூடியின் மேல் வைத்து, உடம்புப் பாரத்தை அதில் இறக்கி, மணிக்கட்டை அசைக்காமல் இடுப்பைத் திருப்பினேன். மூடி கழன்றது.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பதினோரு வருடத்து மூடிகள் சொல்லிக் கொடுத்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு, அலுத்துப்போய், நினைப்பே இல்லாமல் அன்றைக்கும் இதைத்தான் செய்திருக்கிறேன். மூடிக்கு என் கை பாஸ் போடவில்லை. என் சாமர்த்தியம் பாஸ் போட்டது. சாமர்த்தியத்தை டப்பாவோடு சேர்த்துக் கொடுக்க மாட்டார்கள் அல்லவா? அவர் தரையில் உட்கார்ந்து மாத்திரை பொறுக்கிய காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். "இருக்கேன்ல, அப்புறம் என்ன" என்றார் அவர்.

மறுநாள் உடைந்த துண்டுகளை ஒரு பையில் கட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மேஜையில் கொட்டி, நடந்ததைச் சொன்னேன். இடுப்பில் முட்டுக் கொடுத்துத் திறந்தும் காட்டினேன். வடிவமைப்பாளர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாற்காலியில உக்காருங்கக்கா" என்றார் கடைசியில். "முழங்கை ரெண்டையும் மேஜையில ஊன்றிக்குங்க. விரலால மட்டும் திறங்க."

கடிகாரத்தை அழுத்தினார். அழுத்தினேன், திருப்பினேன், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருப்பினேன். கட்டைவிரல் மூட்டு நெருப்பாய் எரிந்தது. மூடி டக்கு டக்கென்று சத்தம் போட்டதே தவிர அசையவில்லை.

"ஒரு நிமிஷம் ஆச்சு" என்றார்.

கடிகாரத்தைக் கீழே வைத்தார். பிறகு அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "ஒண்ணு பண்ணலாம். மூடியை நான் நிறுத்திடறேன், கடையில புகார் வந்துச்சுன்னு எழுதிக்கறேன். உங்க கை பழகிட்ட விஷயம் நமக்குள்ள இருக்கட்டும். வெளிய வந்தா நீங்க தொட்ட அத்தனை மூடியும் கேள்விக்கு வரும். எனக்கும் பதில் சொல்லி மாளாது. உங்களையும் வச்சுக்க முடியாது."

சரி சார் என்று வாய் வரைக்கும் வந்தது. எனக்கு அறுபத்தொரு வயது. இந்த நாற்காலியை விட்டால் இந்தக் கைக்கு வேறு நாற்காலி இல்லை. ஆனால் அடுத்த மூடி வரும், அதையும் இந்தக் கை திறந்துவிடும், பிறகு அது யார் வீட்டுக்கோ போகும். அந்த வீட்டுக் கதவுக்குக் கீல் இருக்குமோ என்னவோ.

"நடந்ததை அப்படியே எழுதிடுங்க சார். நீங்கதானே சொன்னீங்க, மூடிதான் மன்னிப்புக் கேக்கணும்னு. இதுல மூடியோட சேந்து நாமளும் இருக்கோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "பதினாலு தடவை வரைஞ்சேன்கா. பிடியைக் கொஞ்சம் லேசாக்கினா அஞ்சு வயசுக் குழந்தை திறந்துடுது. இறுக்கினா நீங்க திறக்க மாட்டேங்கறீங்க. நான் என்னதான் பண்றது?"

"குழந்தைக்கும் எனக்கும் பலம் ஒண்ணுதான் சார். அதை வச்சு எங்களைப் பிரிக்க முடியாது. கை அளவுதான் வேற" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, அலுப்பில் சொன்னது.

அவர் என் கையை இழுத்து மேஜையில் வைத்தார். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே அளவுகோலை வைத்துப் பார்த்தார். பிறகு சோதனைத் தாளை எடுத்து, கை நாலு என்பதற்கு நேரே, 'பழகிய கை, இனிப் பயன்படாது' என்று எழுதி, என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். படி இறங்கும்போது கால் வலித்தது. அழுகை வரவில்லை, பசித்தது.

கடைகளில் இருந்த டப்பாக்களைத் திரும்பப் பெறச் சொல்லி அவர் மேலிடத்துக்கு எழுதினார். பாதிதான் திரும்பி வந்தது என்று பிறகு சொன்னார். மீதிப் பாதி இன்னும் யார் யார் வீட்டிலோ இருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் வீட்டுக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே குட்டையாக, அகலமாக ஒரு டப்பா. மூடியின் இரு பக்கமும் எதிரெதிரே தட்டையாக இரண்டு இடம். இரண்டையும் ஒரே நேரத்தில் லேசாகத் தொட்டு அழுத்தினால் மூடி தானே எழும்பும் என்று தாளில் எழுதியிருந்தது. பலமே வேண்டாம், ஆனால் விரல்கள் அவ்வளவு தூரம் விரிய வேண்டும், குழந்தைக்கு விரியாது. கடைசி வரியில், 'அண்ணன் திறக்கட்டும். நீங்கள் தொடாதீர்கள்' என்று இருந்தது.

"மூடிக்காரர் என்னைப் பரீட்சைக்குக் கூப்பிடறாரா?" என்றார் என் வீட்டுக்காரர்.

திறக்கும் வழியை அவர் படிப்பதற்குள் தாளைப் பிடுங்கி ஒளித்துவைத்தேன். அவரை மேஜை முன் உட்கார வைத்து, இரண்டு கையிலும் சோப்புத் தண்ணீரை ஊற்றினேன்.

"இது எதுக்கு?"

"வலி வரும்போது உங்க கை இப்படித்தானே இருக்கும்."

அவர் டப்பாவை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பழைய ஞாபகத்தில் மூடியைத் திருகினார், அது சும்மா சுற்றியது. என்னை ஏறிட்டுப் பார்த்தார். என் கை என்னைக் கேட்காமலே அவர் பக்கம் நீண்டது. அதை இழுத்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்தது, ஏதோ முணுமுணுத்தார். வழுக்கும் விரல் இரண்டும் மூடியின் ஓரத்தில் தடவிக்கொண்டே போய், தட்டையான இடங்களில் நின்றன.

மூடி எழும்பியது.

"எவ்வளவு நேரம்?" என்றார்.

"எட்டு விநாடி."

"உனக்கு ஒன்பது ஆச்சுல்ல?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"முடிஞ்சுபோச்சு, கையை வெளிய எடு" என்றார்.

எடுத்தேன். இரண்டும் மரத்துப்போயிருந்தன. அவர் அந்தச் சோப்புக் கையாலேயே அவற்றைப் பிடித்து, உயிர் வரும்வரை தேய்த்துவிட்டார்.