பத்தாம் தேதிக் கட்டு

வெர்னாவுக்குப் பத்தாம் தேதி என்றால் பீர் வரி. பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. வரி என்ற சொல் எந்தத் தாளில் இருந்தாலும் சிவப்பு கிளிப்பில் மாட்டிவைப்பாள். பத்தாம் தேதி கட்டாக அனுப்புவாள். பென்சகோலாவில் அவளும் கணவன் லீலண்டும் நடத்திய சின்ன பீர் ஆலையில், கிளிப்பில் ஏறிய தாளைத் தொட லீலண்டுக்கே உரிமை கிடையாது.

ஒரு வருடம் லீலண்டுக்குக் கிறுக்குப் பிடித்தது. பீருக்கான மால்ட் தானிய மூட்டைகள் கிடந்த பின்னறையை, வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகளுக்குக் காப்பகமாக்க வேண்டும் என்றான். கேன் அடைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட யதீராவுக்கு நோயேலியா என்று மூன்று வயது மகள். அவளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி ஊரைவிட்டுப் போகவிருந்தாள். வேறு வழி பிறக்காவிட்டால் யதீரா வேலையை விடவேண்டியதுதான்.

"பீர் காய்ச்சுற எடத்துல தொட்டிலா? பால் பாட்டிலு மாறிடப்போகுது, பாத்துக்கோ," என்றாள் வெர்னா.

"சிரி, சிரி. காப்பகம் வெச்சா, செலவுல ஒரு பங்க நம்ம பீர் வரியிலயே கழிச்சுக்கலாமாம். அது இல்லன்னா நம்மால முடியாது."

அன்றே பின்னறை மூட்டைகளை வெளியே நகர்த்திவிட்டு, நோயேலியாவை அங்கே சுவரோரம் நிறுத்தி, கை கழுவும் தொட்டி வரவேண்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டான்.

"கொஞ்சம் மேல போடுங்க மிஸ்டர் லீலண்ட், இவ வளந்துருவா," என்றாள் யதீரா.

"அதுக்குள்ள அடுத்த பொடுசு வந்து நிக்கும்."

வரிச் சலுகைக்கான விண்ணப்பத்தை அவனே நிரப்பி வெர்னாவிடம் கொடுத்தான். "திங்கக்கெழம ஒம்பது மணிக்கு வாங்க ஆரம்பிக்கிறாங்க. அன்னிக்கே அனுப்பிடு."

அவள் தலையாட்டினாள். தாளின் மேலே வரி என்று இருந்தது. கை தன்பாட்டில் அதைச் சிவப்பு கிளிப்பில் மாட்டியது. வரி கட்ட யாராவது முண்டியடிப்பார்களா?

பத்தாம் தேதி அனுப்பினாள். இரண்டே வரியில் பதில் வந்தது: அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய சலுகைத் தொகை தீர்ந்துவிட்டது. முந்தியவர்களுக்கே கிடைத்திருந்தது.

லீலண்ட் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "குடுக்கறதுன்னு நெனச்சுட்ட. இது வாங்கறது, வெர்னா," என்று மட்டும் சொன்னான்.

அந்த மாதக் கடைசியில் யதீரா டாம்பாவில் இருந்த அக்காவிடம் போனாள். பின்னறைக்கு மூட்டைகள் திரும்பி வந்தன. அக்டோபரில், அந்த மூட்டைகளில் ஒன்றை இறக்கும்போதுதான் லீலண்டின் இதயம் நின்றது.

மறு வருடம் விண்ணப்பம் வாங்கத் தொடங்கும் நாளில், எட்டேகாலுக்கே வெர்னா கணினி முன் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதுக்கு அனுப்பினாள். ஒப்புதல் வந்ததும் யதீராவை அழைத்தாள்.

"இனிமே எங்க மிஸ் வெர்னா வர்றது? இவளுக்கு இங்கயே எடம் கெடச்சிருச்சு. கூட்டாளிங்ககூட ஒட்டிக்கிட்டா." பிறகு யதீராவே கேட்டாள்: "அந்தக் கோடு இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"இப்ப அவளுக்கு இடுப்புக்குத்தான் வரும்."

கேன் இயந்திரத்தில் இப்போது வேறொருத்தி. அவளுக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை இருந்தது. குழாய் வேலைக்காரர் வந்து, சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுத் தொட்டியைப் பொருத்தலாமா என்று கேட்டார்.

"மொதல்ல தொட்டி. அந்தக் கோட்டுலயே வைங்க," என்றாள் வெர்னா.

"ரொம்பத் தாழ்வா இருக்கே?"

"அளந்துதான் போட்டிருக்கு."