மெதுவாகக் கலக்கவும்

அண்ணி பேராசிரியர் ஆவாரா மாட்டாரா என்பது இன்று என் கையில் இருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. ரப்பர் கையுறை மாட்டிய இதே கையில்தான்.

வரிசையாகவே எழுதுகிறேன். அண்ணி நடத்தும் ஆய்வுக்கூடத்தில் பகலில் நான் உதவியாள். மாலையில் டிப்ளமோ வகுப்பு. கூடத்தில் எனக்குத் தப்புத்தாளம் என்று பெயர். வைத்தவர்கள் மேல் கோபமில்லை. இதுவரை உடைந்த கண்ணாடிச் சாமான்கள் எல்லாம் அவர்கள் பக்கம்தான் சாட்சி சொல்லும்.

நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்து, நோயோடு சண்டை போடும்படி மாற்றி, உறைய வைத்த செல்களை உருக்கிச் சத்து நீரில் கலக்க வேண்டும். அண்ணி கலக்கினால் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைக்கும். வேறு யார் கலக்கினாலும் பாதி பரலோகம். கைராசி என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பதவி உயர்வுக் குழுவுக்கு ராசியில் நம்பிக்கையில்லை. மருந்து என்றால் யார் தயாரித்தாலும் ஒரே மாதிரி வர வேண்டும். எண்பதுக்குக் குறையாமல் பிழைத்தால்தான் பதவி.

காலையில் குழு வந்தது. தலைவர் பேனா மூடியைக் கடித்தபடி கேட்டார்.

"மேடம், நீங்க செய்ய வேண்டாம். உங்க ஆளுங்கள்ல கை ரொம்ப மோசமானவர் யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணி மட்டும் கூரையைப் பார்த்தார்.

தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு சுத்த அறைக்குள் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள். சுவரில் அண்ணி எழுதிய செய்முறை. உருக்கினேன், சத்து நீர்ப் பையில் விட்டேன். அடுத்த வரி: மெதுவாகக் கலக்கவும்.

அங்கேதான் நின்றுவிட்டேன். உருகிய செல் காத்திருக்காது. மைக்கை அழுத்தினேன்.

"அண்ணி, மெதுவான்னா எவ்வளவு மெதுவா?"

வெளியே ஒலிபெருக்கி ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை.

"அண்ணியா?" என்றார் தலைவர்.

"வீட்டுக்காரரோட தம்பி சார். அதுக்காக இவன் கை நல்லாயிருக்கும்னு நினைச்சுடாதீங்க." அண்ணி என் பக்கம் திரும்பினார். "மெதுவான்னா... மெதுவாதான்டா."

அவர் கைகள் தாமாக உயர்ந்தன. இல்லாத குழந்தையைத் தூங்க வைப்பதுபோல ஆட்டினார். அதைப் பார்த்து நானும் ஆட்டினேன்.

செத்த செல்லில் மட்டும் நீலச்சாயம் ஏறும். எண்ணிக்கையைக் குழுவே வெளியில் திரையில் பார்த்தது. கொழுந்தன் எண்ணியதை யார் நம்புவார்கள்? எண்பத்தாறு பிழைத்திருந்தன. நான் நிமிர்ந்து நின்றேன்.

"பிரமாதம்," என்றார் தலைவர். "நாளைக்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியிலயும் நின்னு நீங்க கையை ஆட்டுவீங்களா மேடம்?"

அண்ணன் கல்யாண நாளை மறந்த அன்று பார்த்த முகத்தை அண்ணியிடம் மறுபடி பார்த்தேன்.

"இன்னொரு பை இருக்கு சார்," என்றார் அண்ணி. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று மைக்கைப் பிடித்தார்.

"பையை ரெண்டு உள்ளங்கையிலயும் படுக்க வை. வலது பக்கம் மட்டும் தூக்கு, நாலு விரல் உயரம். நீர் அந்தக் கோடிக்கு ஓடி முடியட்டும். இப்ப இடது பக்கம். நுரை வந்தா நீ அவசரப்படறேன்னு அர்த்தம்."

"வருது மேடம்."

"அப்ப அவசரப்படாதே."

சொல்லும்போதும் அவர் தோள் ஆடிக்கொண்டிருந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. நல்லவேளை, நான் பார்த்தது பையை.

குழு மறுபடி திரையில் நீலத்தை எண்ணியது. எண்பத்தொன்று பிழைத்திருந்தன.

"இப்படியே எழுதி ஒட்டியிருந்தா முதல் தடவையே முடிஞ்சிருக்குமே," என்றார் தலைவர்.

"எனக்கே தெரியாது சார். இவனுக்குச் சொல்ல வேண்டி வந்ததாலதான் தெரிஞ்சது."

தலைவர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "வாழ்த்துகள், பேராசிரியர்."

நிம்மதியில் என் கை தானாக முகத்துக்குப் போனது. பேராசிரியராக அண்ணி பேசிய முதல் வாக்கியம் ஒலிபெருக்கி வழியே உள்ளே வந்தது.

"கையுறையோட மூக்கைத் தொடாதே."