சும்மா உட்கார வந்தவள்

லம்துவான் தாகேக்குக்கு வந்தது சும்மா உட்காருவதற்காக. வேறு எந்த உத்தேசமும் அவளுக்கு இல்லை. தாய்லாந்தில், கோன்கேன் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கி அறையில் உட்கார்ந்து, ஊரில் இருப்பவர்களையெல்லாம் வழியனுப்பி வழியனுப்பியே அவள் உத்தியோகம் முடிந்துபோனது. ஓய்வு பெற்ற கையோடு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரச்சொல்லி மகளிடமிருந்து போன் மேல் போன். "வர்றேன், வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பையில் துணிகளைத் திணித்தாள்; பஸ் பிடித்து, மேக்கோங் ஆற்றைத் தாண்டி, லாவோஸ் பக்கம் வந்து இறங்கிவிட்டாள். பேச்சும் ஏறக்குறைய ஒன்று, சோறும் ஒன்று. தொலைந்துபோக வழியே இல்லை.

ஆற்றங்கரைச் சாலையில் கம்பேங் நடத்திய விடுதியில் மாடி அறை கிடைத்தது. கீழே மரத்தடியில் ஒரு மூங்கில் சாய்வு நாற்காலி கிடந்தது. லம்துவான் அதில் சாய்ந்து காலை நீட்டினாள். ஆறு கலங்கலாக, எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் நாகோன்பானோம் ஊராக அவளுடைய சொந்த நாடு தெரிந்தது. இவ்வளவு தள்ளியிருந்து பார்க்க அதுகூட அழகாகத்தான் இருந்தது.

சற்று நேரத்தில் கம்பேங் துடைப்பத்தோடு வந்தாள்.

"எங்கக்கா கிளம்புறீங்க? குகை பாக்க வண்டி சொல்லவா?"

"வேணாம்மா. இங்கயே இருக்கேன்."

"சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா இங்க?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"சும்மாதான்."

கம்பேங்குக்கு இந்தப் பதில் செரிக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் சும்மா உட்காரலாம். பாவம், அவர்கள் நாட்டில் குளிர். வெயில் காய வருகிறார்கள். ஆனால் நம்மைப் போலவே ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தின்கிற, நல்ல பட்டுப் பாவாடை கட்டிய ஒரு பெரிய பெண்பிள்ளை, தனியாக வந்து ஆற்றை வெறித்துக்கொண்டு உட்கார்ந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். புருஷன் ஓடிப்போயிருக்கிறான். தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பொழுது சாய்வதற்குள் கரையோரக் கடைகள் அத்தனைக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பப்பாளிக்காய் இடித்து விற்கும் கியாவ், லம்துவானின் தட்டில் நண்டை அள்ளிப் போட்டுக் கண் கலங்கினாள்.

"நல்லா தின்னுங்கக்கா. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. ஆம்பளைங்களே இப்படித்தான்."

பாவம், இவளுக்கு வீட்டில் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொண்டாள் லம்துவான். "ஆமாம்மா, என்ன பண்றது? நாமதான் தாங்கிக்கணும்" என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இதற்குமேல் சாட்சி வேண்டுமா? கியாவ் உலக்கையைப் போட்டுவிட்டு அடுத்த கடைக்கு ஓடினாள்.

மறுநாள் காலையில் டுக்டுக் ஓட்டும் புன்லோட் நாற்காலிக்கு எதிரே வந்து குந்தினான்.

"ஆளு நெட்டையா குட்டையாக்கா?"

"யாரு?"

"உங்க வீட்டுக்காரரு."

"அவரா? அவரு போயி வருஷக்கணக்காச்சேப்பா."

"வருஷக்கணக்கா தேடுறீங்களா!" புன்லோட் எழுந்து நின்றுவிட்டான். "நீங்க இங்கேர்ந்து நகராதீங்கக்கா. இந்த ஊர்ல இருக்கிற தாய்லாந்து ஆம்பளைங்களை விரல் விட்டு எண்ணிரலாம். அதுல ஒருத்தன் நூடுல்ஸ் கடை போட்டிருக்கான். கல்யாணமே ஆகலேம்பான். அவன் சொல்ற லட்சணத்துலயே தெரியும்."

லம்துவான் வாயைத் திறப்பதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. ஆறு மட்டுமாவது அப்படியே இருக்கிறதே என்று மறுபடி சாய்ந்துகொண்டாள்.

அன்று மத்தியானம் நூடுல்ஸ் கடை மூடிக்கிடந்தது. ஆவி பறக்கும் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, அதன் சொந்தக்காரன் விச்சியன் மரத்தடிக்கு வந்தான். தொப்பையும் வழுக்கையுமாக, முகமெல்லாம் வியர்வை. கிண்ணத்தை அவள் மடியருகே வைத்துவிட்டு, முழங்காலிட்டுக் கைகூப்பினான்.

"என்னைத் தேடி ஒரு பொம்பள வந்திருக்குன்னு புன்லோட் சொன்னான். பிக்குன் அனுப்புன ஆளுதானே நீங்க? என்னை மன்னிச்சிருங்கக்கா. சத்தியமா எனக்கு இங்க வேற பொம்பள கிடையாது. கடை மட்டும்தான்."

"பிக்குன் யாரு?"

"என் பொண்டாட்டி. கோன்கேன்ல இருக்கா."

வாசம் இழுத்ததால் லம்துவான் ஒரு வாய் நூடுல்ஸ் எடுத்துக்கொண்டாள். கேட்காமலேயே அவன் கொட்டினான்.

"நல்லவதான். ஆனா வாய் மூடமாட்டாக்கா. ஒரு நாள் மிளகா வாங்கிட்டு வர்றேன்னு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வழியா போனேன். மைக்குல ஒரு பொம்பள, 'நாகோன்பானோம் பேருந்து புறப்பட உள்ளது, பயணிகள் தயங்காமல் உடனே ஏறவும்'னு கூப்பிட்டுச்சு. என்னா குரலு! என்னையே பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. தயங்காம ஏறிட்டேன்."

நூடுல்ஸ் லம்துவானுக்குப் புரையேறியது. இருமி இருமிக் கண்ணில் நீர் முட்டியது. தன் குரலைக் கேட்டு ஒரு குடும்பம் பிரிந்திருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. இதைச் சொல்வதா, விழுங்குவதா?

"அது நான்தான்ப்பா" என்றாள்.

விச்சியன் வாயைப் பிளந்தான். "அப்ப நீங்கதான் என்னை ஓடச்சொன்னதா?"

"நான் டிக்கெட் எடுத்தவங்களைச் சொன்னேன்! போனை எடு. அவகிட்டப் பேசு."

"பயமா இருக்குக்கா."

லம்துவானுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு மைக் குரலும் வந்துவிடும். "தயங்காமல் உடனே பேசவும்."

விச்சியனின் விரல் தானாகவே போனை அழுத்தியது. அதற்குள் கம்பேங்கும் கியாவும் புன்லோட்டும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். கியாவ் மறந்துபோய் உலக்கையையும் கொண்டுவந்திருந்தாள்.

"பிக்குன், நான்தான்... விச்சியன்."

எதிர்முனையிலிருந்து கரை முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல்: "உயிரோடதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. மோட்டார் ரூம் சாவி எங்க வச்சே?"

"மீன் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால."

ஜாடி நகரும் சத்தம் கேட்டது. "ஆமா, இருக்கு. பூட்டை உடைக்க இன்னிக்குத்தான் ஆள் சொல்லியிருந்தேன். சரி, வச்சிர்றேன்."

"பிக்குன், பிக்குன்! நான் திரும்பி வரட்டுமா?"

"எதுக்கு? மேல் ரூமுல தையல் கத்துக்கிற பொண்ணுங்களை வாடகைக்கு வச்சிருக்கேன். நான் ஒண்ணு சொன்னா அதுங்க பத்து சொல்லும். பொழுது போறதே தெரியல. நீ அங்கயே உம்முனு இரு."

போன் கட்டானது. விச்சியன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தாய்லாந்து வண்டி எது கண்ணில் பட்டாலும் அடுப்புக்குக் கீழே பதுங்கியவன் அவன்.

"யாருமே தேடலியாக்கா என்னை?" என்று கேட்டுவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

"அப்ப இவரு உங்க புருஷன் இல்லியா?" என்றாள் கம்பேங், ஏமாற்றத்தை மறைக்காமல்.

"இல்லம்மா. என் புருஷன் செத்துப்போயிட்டாரு. நல்ல மனுஷன், எங்கயும் ஓடினதில்ல."

புன்லோட் தலையைச் சொறிந்துகொண்டு வண்டியைப் பார்க்கப் போனான். கியாவ், "அழுவாதீங்கண்ணே, நண்டு போட்டுத் தர்றேன்" என்று விச்சியனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமே கரையோரமெல்லாம் விச்சியனின் கதைதான். லம்துவானைப் பற்றிப் பேச ஆளில்லை.

அடுத்த நாள் வெயில் தணிந்தபின் கம்பேங் இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஆற்றைப் பார்த்தாள். கழுத்தைச் சாய்த்தும் பார்த்தாள்.

"என்னக்கா தெரியுது இதுல?"

"தண்ணி."

"ம்."

ஒரு மணல் படகு வந்து, தாண்டி, வளைவில் மறைந்தது. உள்ளேயிருந்து கம்பேங்கின் புருஷன் சோற்றுக் கூடை எங்கே என்று கத்தினான். பதில் வராததால் இன்னொரு தடவை கத்தினான்.

"கூப்பிடுறாரும்மா" என்றாள் லம்துவான்.

"கேக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு, கம்பேங் செருப்பைக் கழற்றிக் காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.